45இல் நிற்காத மைட்டர் வாள்

“10 அங்குல மைட்டர் வாளுக்கு விலை இறங்கியிருக்குதாம், வாங்கட்டா மச்சான்?” என்று அக்கரைப்பற்றிலிருந்து கூட்டாளி கேட்கிறான். படச்சட்டக் கடை போடப்போகிறானாம். மைட்டர் வாள் என்றால் சட்டத்தின் மூலைக்கு மரத்தைச் சாய்வாக அறுக்கும் மின்வாள். களுவாஞ்சிகுடியில் அதே வாளை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

மோட்டாரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேக்கு, முதிரை எதைக் கொடுத்தாலும் திணறாது. கூட வந்த அலகைக் கழற்றிவிட்டு 80 பல் அலகு போட்டபிறகு வெட்டுமுகத்துக்கு சாண்ட் பேப்பரே தேவையில்லை. காபன் பிரஷ் தேய்ந்தது, மாற்றியாயிற்று.

என் கோபமெல்லாம் வலது பக்க 45 பாகைப் பள்ளத்தின் மேல்தான். மேசையைத் திருப்பினால் ‘டக்’கென்று விழுந்து பூட்டிக்கொள்ளும். ஆனால் அது விழுகிற இடம் 45 இல்லை, அரைப் பாகை தள்ளி. இடது பக்கம் சரியாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் மரத்தைப் புரட்டி இடது பக்கமே வெட்டலாமே என்பீர்கள். பூ வேலை இல்லாத வெறும் சதுரக் கட்டையென்றால் வெட்டலாம். பூ வேலையும் கண்ணாடிக் காடியும் உள்ள பீடிங்கை, அதாவது படச்சட்டப் பட்டியைப் புரட்ட முடியாது. மூலைக்கு அரைப் பாகை என்று சேர்ந்து, மூன்று மூலையை இறுக்கிப் பொருத்தினால் நாலாவது மூலை 2 பாகை வாயைத் திறக்கும். 2 அங்குலப் பீடிங்கில் அது ரெண்டு மில்லிமீற்றருக்கும் மேல். மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கலாம்தான், வார்னிஷ் பட்டதும் கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். 31ஆம் நாள் காரியத்துக்கு, செத்துப்போன அப்பாவின் படத்தை எடுக்க வந்து நிற்கிறவரிடம் பாகைக் கணக்கா பேசுவது?

பள்ளத்தை விட்டு மயிரிழை நகர்த்திப் பூட்டலாம் என்றால், இறுக்கும்போதே வழுக்கி உள்ளே போய்விடும். கடைசியில் பழைய கல்யாணக் கார்ட்டை நறுக்கி, மரத்துக்கும் பின்தாங்கிக்கும் இடையில் செருகி வெட்டுகிறேன். மூலை வெளிச்சம் தெரியாமல் பொருந்துகிறது. இவ்வளவு காசு கொடுத்த சாமானுக்கு முட்டுக்கொடுப்பது யாருடையதோ கல்யாணக் கார்ட்!

நியாயமாகச் சொன்னால் திறக்கிற மூலையெல்லாம் வாளின் குற்றமில்லை. மாரியில் மரம் ஈரம் குடித்து அகலத்தில் ஊதும், நீளம் அப்படியே இருக்கும். அப்போது மூலையின் வெளிப்பக்கம் விரியும். கச்சான் என்கிற வறண்ட காற்று அடித்துக் காய்ந்தால் உள்பக்கம் விரியும். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே நீளம் இல்லாவிட்டாலும் இதே கதைதான். அதற்கு மேசையில் ஒரு தடுப்புக் கட்டை அடித்துவிட்டால் போதும்.

சரி, வாங்கலாமா? வாங்காதே மச்சான். மலிந்தாலும் வேண்டாம். நல்ல கைவாளும் சீவுளியும் வாங்கு, 45க்கு ஒரு சாய்கட்டை தச்சு ஓடாவியிடம் சொல்லிச் செய்வி, வெட்டிய முனையை அதில் வைத்துச் சீவிக்கொள். என்னுடையதை விலைக்குக் கேட்காதே. அதைத் தரமாட்டேன்.