சிப்புக்குக் காவலா, தரவுக்குத் தூதரகமா?

பல மாதம் ஆயிரக்கணக்கான சிப்புகளை ஓட்டிப் பயிற்றுவித்த ஏஐ மாடலும் கடைசியில் சில கோப்புகள்தான். ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். அதனால்தான் அது ஓடும் டேட்டா சென்டரை எப்படிக் காப்பது என்று அரசுகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. இதுவரை மூன்று விதமாக முயன்றிருக்கின்றன.

முதலாவது, சிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிபந்தனை போடுவது. 2025 ஜனவரியில், பைடன் ஆட்சி முடிய ஒரு வாரம் இருக்கையில், அமெரிக்கா ஏஐ சிப்புகளுக்கு ஓர் ஏற்றுமதி விதியை வெளியிட்டது. உலகத்தையே பந்தி பிரித்து உட்கார வைத்த விதி அது. முதல் பந்தியில் 18 நாடுகள். கடைசியில் சீனா, ரஷ்யா வகையறா. இந்தியாவுக்கு நடுப்பந்தி. அதைவிட வேடிக்கை, நேட்டோ உறுப்பினரான போலந்துக்கும் நடுப்பந்திதான். அங்கே நாட்டுக்குச் சுமார் 50,000 உயர்ரகச் சிப்புகள் என்று 2027 வரை உச்சவரம்பு. அதற்கு மேல் வேண்டுமானால் டேட்டா சென்டரின் பாதுகாப்பை நிரூபித்துத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

நிபந்தனைக்குப் பல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஆயுள் இல்லை. மே 15 அன்று அமலாக வேண்டியதை, இரண்டு நாள் முன்பு டிரம்ப் நிர்வாகம் கைவிடுவதாக அறிவித்தது. அதே வாரம் அபுதாபியில் 5 ஜிகாவாட் ஏஐ வளாகத்துக்கு ஒப்புதல். ஒரு தேர்தலில் தலைகீழாகும் ஏற்பாட்டை ஒத்துழைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, கூடிப் பேசி எழுதுவது. 2023 நவம்பரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் நடந்த ஏஐ பாதுகாப்பு மாநாட்டில் அமெரிக்கா, சீனா, இந்தியா உட்பட 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒரே பிரகடனத்தை ஏற்றன. 2025 பிப்ரவரியில் பாரிஸ் மாநாடு வந்தபோது அமெரிக்காவும், முதல் மாநாட்டை நடத்திய பிரிட்டனுமே அதன் பிரகடனத்தில் கையெழுத்திடவில்லை.

பிளெட்ச்லி நடந்த அதே மாதக் கடைசியில் சத்தமில்லாமல் இன்னொன்று வந்தது. 18 நாடுகளின் இணையப் பாதுகாப்பு அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட, ஏஐ-யைப் பாதுகாப்பாக உருவாக்குவதற்கான வழிகாட்டி. நைஜீரியா, சிலி இருக்கின்றன, இந்தியா இல்லை. வடிவமைப்பு, உருவாக்கம், நிறுவல், பராமரிப்பு என்று நான்கே பகுதி. மாடலை யார் தொடலாம், வெளியிலிருந்து வாங்கிய மென்பொருளை எப்படிச் சோதிப்பது என்பது போன்ற நடைமுறைப் பேச்சு. பிரதமர்கள் கைகுலுக்கும் படம் கிடையாது. எனக்கு இதுதான் பிளெட்ச்லியைவிட உருப்படியாகப் படுகிறது. என்ன, பின்பற்றாவிட்டால் ஏனென்று கேட்க ஆளில்லை.

மூன்றாவது, தரவுத் தூதரகம்: ஒரு நாட்டின் தரவை வேறு நாட்டில், தூதரகத்துக்குரிய பாதுகாப்போடு வைப்பது. 2007இல் எஸ்டோனியாவின் அரசு இணையதளங்களையும் வங்கிகளையும் இணையத் தாக்குதல் முடக்கியது. பத்து வருடம் கழித்து, 2017 ஜூனில், அந்த நாடு லக்சம்பர்க்கோடு ஒப்பந்தம் போட்டது. மக்கள்தொகைப் பதிவேடு, நிலப் பதிவேடு போன்ற முக்கியத் தரவுகளின் நகல்கள் லக்சம்பர்க் டேட்டா சென்டரில் இருக்கும். எஸ்டோனியாவின் அனுமதியில்லாமல் லக்சம்பர்க் அதிகாரி அந்த அறைக்குள் கால் வைக்க முடியாது. சோதனை, பறிமுதல் எதுவும் செல்லாது. வழக்கமான தூதரக விதிகள் சர்வர் அறைக்குப் பொருந்துமா என்ற சந்தேகத்தில்தான் தனி ஒப்பந்தமே போட்டார்கள்.

இதே யோசனையை ஏஐ பக்கம் இழுக்க, 2025இல் சவுதி அரேபியா ஒரு சட்ட வரைவை முன்வைத்தது. மூன்றில் என் வாக்கு தரவுத் தூதரகத்துக்குத்தான்: உரிமை என்ன, கடமை என்ன என்று இரண்டு நாடுகளும் எழுதி ஒப்புக்கொள்கின்றன.

ஆனாலும் ஓட்டை உண்டு. பதிவேட்டு நகலுக்கு ஓர் அறை போதும். ஏஐ-க்கு நூற்றுக்கணக்கான மெகாவாட் வேண்டும். மின்சாரமும் குளிரூட்டத் தண்ணீரும் இடம் கொடுத்தவர் கையில். கதவைத் தொடாமலே சுவிட்சை அணைத்துவிடலாம். சிப்புக்கோ மறுபடி அமெரிக்கா வாசல்தான்.

அப்புறம் நம் ஊர் விஷயம். 2023 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன், குஜராத்தின் சர்வதேச நிதி மையமான கிஃப்ட் சிட்டியில் பிற நாடுகள் தரவுத் தூதரகம் வைக்க வசதி செய்வோம் என்றார். இங்கே நாம்தான் வீட்டுக்காரர். லக்சம்பர்க் தன் அதிகாரிகளை வாசலிலேயே நிறுத்தச் சம்மதித்தது. நம் விசாரணை அமைப்புகள் வாரண்டோடு போய், கதவு வரை வந்து திரும்புமா? குடிவரப்போகும் நாடு முதலில் கேட்பது வாடகையை அல்ல, இதைத்தான்.