ஒரு டயர், நான்கு வாளி, ஒரு அக்கா

ஆறு மாதமாக என் மகளை, மூன்றரை வயது, ஒரு அக்கா தன் வீட்டிலேயே நடத்தும் டே கேரில் விட்டு வருகிறேன். மொத்தம் ஐந்து பிள்ளைகள். முதலில் பார்க்கப் போனபோது சப்பென்று இருந்தது. ஊஞ்சல் கிடையாது, சறுக்குமரம் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் தரை, ஒரு பழைய டயர், நான்கு வாளி, ஒரு கயிறு. இதற்கு முன் விட்டிருந்த இடத்தில் வாசலிலேயே கலர் கலராகச் சறுக்குமரம் இருந்தது. அதில் ஒரு குழந்தை ஏறி நான் பார்த்ததில்லை. உள்ளே டிவி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இங்கே அக்காவும் பிள்ளைகளோடு வெளியே இறங்கிவிடுகிறார், போனை உள்ளே வைத்துவிட்டு. அவர் டயரை உருட்டிக்கொண்டு ஓட, பின்னால் நான்கு பேரும் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். அப்புறம் செடிக்குத் தண்ணீர்: அரை வாளியைச் சிந்தாமல் தூக்கிப் போக என் மகள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! ஐந்தாவது கைக்குழந்தை. அதற்கும் விடுமுறை இல்லை, நிழலில் பாயில் குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும். மழை நாளில் தலையணை தாண்டுவது, நண்டு நடை.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கு: 3, 4 வயதுப் பிள்ளைகளுக்குத் தினமும் 180 நிமிட உடல் அசைவு, அதில் 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்கும்படி. மூன்று மணி நேரம் எப்படி முடியும் என்று கேட்டேன். "ஒரே மூச்சிலயா? காலையில கொஞ்சம், தூங்கி எழுந்ததும் கொஞ்சம், நடுவுல வீட்டுக்குள்ள. கூட்டிப் பாருங்க, வந்துடும்" என்றார்.

குறையும் உண்டு. மாலையில் பாதி இடத்தில் நிழலே இல்லை. ஒரு துணியாவது கட்டலாம், இரண்டு முறை சொல்லிவிட்டேன். மணல் தொட்டியை ஒருநாள் மூட மறந்து பூனை அசிங்கம் செய்துவிட்டது. மணலை மாற்றினார், சரி, ஆனால் எங்களிடம் சொன்னது மறுநாள்தான். துணியில் ஏறும் செம்மண் கறை போகவே போகாது. பழைய உடுப்பாகப் பார்த்து இரண்டு செட் கொடுத்தனுப்புங்கள்.

நேரில் பார்க்கப் போவதென்றால் பிள்ளைகள் வெளியே இருக்கும் நேரமாகக் கேட்டுப் போங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். டயரை உங்கள் கையிலும் கொடுத்துவிடுவார்.