ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.யில் டி.எஸ்.லைட்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஜப்பானில் ஒளியிழை இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இரவு நேர மந்தம் புதிதல்ல. பழைய பி.பி.பி.ஓ.இ. முறையில் இணைந்த வீடுகளின் போக்குவரத்து, இணைப்புகள் வந்து முடியும் கருவிகளில் குவிவதால் அந்த நெரிசல் உண்டாகிறது. அதைத் தவிர்த்துச் செல்லும் ஐ.பி.ஓ.இ. முறையோ புதிய இணைய முகவரி முறையான ஐபிவி6-இன் பொதிகளை (தரவுத் துண்டுகளை) மட்டுமே சுமக்கும். பழைய முகவரி முறையான ஐபிவி4 மட்டுமே அறிந்த தளங்கள் இன்னும் ஏராளமாக இருப்பதால், அவற்றுக்கான பொதிகளை ஐபிவி6 பொதிக்குள் வைத்து அனுப்பும் சுரங்கத்தை வீட்டு ரவுட்டரே அமைக்க வேண்டியிருக்கிறது. டிரான்சிக்ஸ் என்னும் ஐ.பி.ஓ.இ. இணையச் சேவை இதற்கு டி.எஸ்.லைட் முறையைக் கையாளுகிறது. என் ரவுட்டரோடு வந்த மென்பொருளில் அந்த வசதி இல்லாததால், ரவுட்டர்களுக்கான திறமூல இயங்குதளமான ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.யின் 23.05 பதிப்பை அதில் நிறுவினேன்.

ஆசிய பசிபிக் பகுதிக்கு முகவரிகளை வழங்கும் ஏப்நிக், 2011 ஏப்ரலில் தன் கடைசி ஐபிவி4 தொகுப்பைத் தொட்டது. டி.எஸ்.லைட் அதே ஆண்டு ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 6333 ஆக வெளியானது. இதில் முகவரி மாற்றம், அதாவது வீட்டுக் கருவிகளின் உள் முகவரிகளைப் பொது முகவரியாக மாற்றும் வேலை, வீட்டில் நடப்பதில்லை. சேவையாளரிடம் உள்ள ஏ.எஃப்.டி.ஆர். என்னும் கருவியே அதைச் செய்து, ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. ரவுட்டரின் வேலை உறையிட்டு அனுப்புவதோடு முடிந்துவிடுகிறது.

இத்தனை எளிய வேலைக்கு ஏற்ற எளிமை ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.யில் இருக்கிறது. டி.எஸ்.லைட் தொகுப்பு வழக்கமான நிறுவலில் வராது என்பதால், நிறுவல் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்திலேயே அதையும் சேர்த்துத் தரவிறக்கிக்கொள்வது நல்லது. பிறகு லூசி என்னும் அதன் வலை இடைமுகத்தில் புதிய இணைப்பு ஒன்றை உருவாக்கி, ஏ.எஃப்.டி.ஆர். பெயரை எழுதி, ஃபயர்வாலின் வான் (WAN, வெளி இணையம்) பகுதியில் அதைச் சேர்த்தால் போதும். சேவையாளர் அந்தப் பெயரை அமைப்பு விவரங்களைத் தானாக வழங்கும் டி.எச்.சி.பி.வி6 நெறிமுறை வழியாக அறிவித்தால் இதுவும் தேவைப்படாது. சுரங்கம் தானாகவே எழும்.

கவனம் வேண்டிய இடம் எம்.டி.யு. மதிப்பு, அதாவது ஒரு பொதியின் உச்ச அளவு. பொதியின் முன்னால் சேரும் ஐபிவி6 தலைப்பு 40 பைட் எடுத்துக்கொள்வதால், 1500 பைட் பாதையில் சுரங்கத்துக்குள் 1460 பைட் பொதி செல்ல இயலும். ஆனால் இந்தத் தொகுப்பு, எதையும் எழுதாமல் விட்டால் 1280 என்று வைத்துக்கொள்கிறது. எந்த ஐபிவி6 பாதையும் தாங்கியே ஆகவேண்டிய அளவு அது என்பதால் பாதுகாப்பான தேர்வுதான். எனினும் உள்ளே உள்ள தலைப்புகளுக்கு 40 பைட் போக, ஒவ்வொரு டி.சி.பி. பொதியும் 1420 பைட்டுக்குப் பதிலாக 1240 பைட் தரவையே சுமக்கும். 1460 என்று நாமே எழுதிவிடுவது மேல். சுரங்கத்துக்குள் சுரங்கம் எத்தனை அடுக்கு போகலாம் என்று குறிக்கும் கூடுகட்டல் வரம்பு என்னும் தெரிவை இயக்கினால் இன்னும் 8 பைட் கழியும், அப்போது 1452 என்பதே சரியான எண். அவசரத்தில் 1500 என்று எழுதுபவர்கள், சிறிய பக்கங்கள் திறக்க, பெரிய கோப்புகள் மட்டும் பாதியில் நின்றுபோகும் குழப்பத்துக்கு ஆளாகக்கூடும். அந்தக் கோளாறின் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

தொலைபேசிச் சேவை சேராத இணைப்புகளில் பெரும்பாலும் ஒரே ஒரு /64 ஐபிவி6 முகவரித் தொகுதிதான் கிடைக்கும். அதை வீட்டுக்குள் பகிர, வெளியிலிருந்து வரும் முகவரி அறிவிப்புகளை உள்ளே கடத்தும் ரிலே முறைக்கு மாற வேண்டும். இந்த அமைப்பு லூசியில் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது. புதியவர்களுக்கு இங்கே வழிகாட்டல் போதவில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆறு மாதங்களில் சுரங்கம் அறுந்ததே இல்லை. இரவிலும் காணொலிகள் தடையின்றி ஓடுகின்றன. ஆயினும் வீட்டில் ஐபிவி4 சர்வர் நடத்துபவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் முகவரி மாற்றம் நம் கையில் இல்லாததால் வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்குப் போர்ட் (எண்ணிட்ட வாயில்) திறப்பதற்கு வழியே இல்லை. அவர்கள் மேப்-ஈ முறையில் இயங்கும் வி6 பிளஸ் போன்ற சேவையைப் பார்க்கலாம். அங்கே மாற்றத்தை ரவுட்டரே செய்வதால் போர்ட் திறக்க முடியும்; ஆனால் ஒரு வீட்டுக்குக் கிடைப்பவை 240 போர்ட்டுகள்தாம், அவற்றின் எண்களையும் நாம் தேர்ந்தெடுக்க முடியாது.