ஜெராக்ஸ் கடையில் டெபியன்: பயன்படுத்தியவள் சொல்கிறேன்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட், பைண்டிங், லேமினேஷன், டி.என்.பி.எஸ்.சி. அப்ளிகேஷன் எல்லாம் உண்டு. வருகிறவர்கள் கொண்டுவரும் பென்டிரைவில் அவர்கள் தேடும் ஃபைல் இருக்கிறதோ இல்லையோ, வைரஸ் இருக்கும். அதற்குப் பயந்துதான் கவுண்டர் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் என்ற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டேன். இப்போது ஓடுவது 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பு.

காசு கொடுக்க வேண்டாம். இன்ஸ்டால் செய்யும்போதே தமிழைத் தேர்ந்தெடுக்கலாம், தமிழ்99 கீபோர்டு முறையில் தட்டலாம். பென்டிரைவில் வரும் விண்டோஸ் வைரஸ் இதில் பல்லிளித்துவிடுகிறது. குறை என்றால், என் பழைய லேசர் பிரிண்டருக்கு டிரைவர் தேடிப் போடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. 32 பிட் காலத்துக் கம்ப்யூட்டரில் 13ஐப் புதிதாக நிறுவ முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

சரி, எனக்கு இதில் பிடித்தது வேறு. டெபியனைச் சம்பளம் வாங்காமல் உருவாக்குகிறவர்களின் கூட்டத்தில் புது ஆட்களை எப்படி உள்ளே விடுகிறார்கள் என்பது.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங் போட வரும் கொருக்குப்பேட்டைத் தம்பிதான் கடையில் டெபியன் போட்டுக்கொடுத்தான். ஒருநாள் ஒரு தாளை பிரிண்ட் எடுத்துத் துண்டு துண்டாக வெட்டித் தரச் சொன்னான். ஒவ்வொரு துண்டிலும் அவன் பெயர், கீழே எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து 40 இலக்கம். "என்னப்பா, லாட்டரிச் சீட்டா?" என்றேன்.

"இல்லக்கா, நான் அனுப்புறத நான்தான் அனுப்பினேன்னு காட்டுற டிஜிட்டல் சாவி ஒண்ணு இருக்கு, அதோட ரேகை. டெபியன் டெவலப்பர நேர்ல பாத்து ஐடி கார்டு காட்டி இதக் கொடுக்கணும். அவரு சரிபாத்து என் சாவில கையெழுத்துப் போடுவாரு."

அப்புறம்தான் முழுக் கதையும் சொன்னான். பிழையைச் சொல்வது, திருத்தம் அனுப்புவது, யாரும் கவனிக்காமல் விடப்பட்ட பேக்கேஜை (டெபியனில் நிறுவும்படி கட்டித் தரும் மென்பொருளை) எடுத்துப் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் யாரும் செய்யலாம். ஆனால் அதை டெபியனில் தானே ஏற்ற முடியாது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் டெவலப்பர் ஒருவர் பார்த்து ஏற்றிவிட வேண்டும். தம்பியின் முதல் பேக்கேஜ் திரும்பி வந்தது. "கோடு நல்லா இருக்காம்க்கா, லைசென்ஸ் விவரம் முழுசா இல்லையாம்!" என்று என்னிடம் வந்து புலம்பினான். ஜாதிச் சான்றிதழுக்கு வருகிறவர்கள் ஒரு பேப்பர் குறைந்து திரும்பி வருவதை தினமும் பார்க்கிறவள் நான், எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இப்படிக் கொஞ்ச காலம் உழைத்து, சாவியில் கையெழுத்தும் ஒரு டெவலப்பரின் சிபாரிசும் இருந்தால் 'மெயின்டெய்னர்'. 2007இல் வந்த ஏற்பாடு இது. அனுமதித்த பேக்கேஜ்களை மட்டும் தானே ஏற்றலாம். அதற்கு மேல் 'டெவலப்பர்'. கொள்கை, வேலைத்திறன் இரண்டிலும் கேள்வி கேட்டு ஆளை அளப்பார்கள். தேறினால் தலைவர் தேர்தலில் ஓட்டும் உண்டு. மொழிபெயர்ப்பு மாதிரியான வேலை மட்டும் செய்கிறவர்களும் 2010 முதல் டெவலப்பர் ஆகலாம், பேக்கேஜ் ஏற்றும் உரிமை மட்டும் கிடையாது. எங்கள் தெருவில் சீட்டு நடத்தும் அக்காவும் இப்படித்தான். தெரிந்தவர் பொறுப்பேற்காமல் புது ஆளைச் சேர்க்க மாட்டார். சேர்த்தாலும் முதல் மாதமே சீட்டை எடுக்க விட மாட்டார்.

இதையும் ஏமாற்றலாம். ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சின்ன மென்பொருள் டெபியனிலும் சேர்ந்து வருவது; அதை ஒருவர் தனியாளாகக் கவனித்துக் களைத்துப் போயிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் ஒழுங்காகத் திருத்தங்கள் அனுப்பி, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பையும் வாங்கி, 2024இல் வெளியாள் கம்ப்யூட்டருக்குள் நுழைய வழிசெய்யும் கள்ளக்கதவு ஒன்றை அதில் ஒளித்துவைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவர் டெபியனில் புதுசுகள் முதலில் வந்து சேரும் 'அன்ஸ்டேபிள்' வகையில் வேலை செய்தபோது, லாகின் ஆக அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டித்தான் அது வெளியே வந்தது. என் கடையில் இருக்கும், சோதித்து முடித்து வெளியிடும் 'ஸ்டேபிள்' வகைக்கு அது வந்து சேரவே இல்லை. எதையும் அவசரப்பட்டு ஸ்டேபிளில் சேர்க்காத அந்த நிதானத்துக்குத்தான் என் மார்க்கு.

ஆனால் அதே நிதானம் தம்பி மாதிரி ஆட்களைப் படுத்துகிறது. பார்க்கிறவர்களும் ஓய்வு நேரத்தில்தான் பார்க்கிறார்கள், பதில் வர வாரக்கணக்காகும். வேலை தேடும் வயதில் எத்தனை பேர் காத்திருப்பார்கள்? வழி காட்ட ஆள் இன்னும் அதிகம் வேண்டும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். பிரவுசிங், பிரிண்ட், ஆன்லைன் அப்ளிகேஷன் கடைகளுக்குத் தாராளமாகப் போடலாம். பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்கள் விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். நான் உள் அறையில் வைத்திருக்கிறேன், பென்டிரைவ் மட்டும் அதில் செருக விடுவதில்லை.