ராஸ்பெரி பை "கம்ப்ளீட் கிட்" வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ராஸ்பெரி பை (உள்ளங்கையில் அடங்கும் ஒரே போர்டில் முழுக் கம்ப்யூட்டர்) வாங்கப் போகிறீர்கள் என்றால் போர்டை மட்டும் தனியாக வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு "கம்ப்ளீட் கிட்" என்று தருகிறார்களே, அதைத் தொடாதீர்கள். அப்படி ஒரு கிட்டை என் தலையில் கட்டியதையும் அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டையும்தான் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. அதே டப்பா, அதே ஸ்டிக்கரோடு சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் சந்தையில் வேறு கடைகளிலும் தொங்குகிறது. அந்த ஒரு கடைக்குப் போகாவிட்டால் தப்பித்துவிடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எனக்குக் கொடுத்த போர்டு அசல்தான், அதில் குறையில்லை. ராஸ்பெரி பை போர்டையே போலியாகச் செய்து விற்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதில் இருக்கும் பிராட்காம் சிப்பை யாரும் கடையில் போய் வாங்கிவிட முடியாது. அதனால் ஏமாற்று வேலையெல்லாம் கூட வரும் சில்லறைச் சாமான்களில்தான்: அடாப்டர், மெமரி கார்டு, கேபிள். இவை சரியில்லை என்றால் இவைதான் சரியில்லை என்று சட்டென்று தெரியாது. போர்டு போய்விட்ட மாதிரியே இருக்கும். நாமும் போர்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவோம், கடைக்காரர் போட்டுக் காட்டுவார், அங்கே ஜம்மென்று ஓடும். அவருடைய அடாப்டர் நல்ல அடாப்டர் அல்லவா!

நான் கேட்டது ராஸ்பெரி பை 4, 4 ஜிபி. 2019 ஜூனில் வந்த மாடல். 2023-ல் 5 வந்துவிட்டது, ஆனாலும் வீட்டு வேலைக்கு 4 தாராளம். என் தேவை மூன்று. வீட்டு வைஃபையில் விளம்பரங்களைத் தடுக்க பை-ஹோல், விளக்கு ஃபேன்களை ஒரே இடத்தில் பார்க்க ஹோம் அசிஸ்டன்ட், அப்புறம் மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை அணைக்க ஒரு ஏற்பாடு. (தொட்டிக்கு மட்டும் என்றால் பை வேண்டாம். சில நூறு ரூபாய் ஈஎஸ்பி32 என்ற சின்ன போர்டே போதும். எப்படியும் ஒரு கம்ப்யூட்டர் 24 மணி நேரமும் ஓடப் போகிறது, அதிலேயே இதையும் சேர்க்கலாம் என்பதுதான் கணக்கு.)

"போர்டு தனியா இல்ல சார், கிட்டாத்தான் வருது" என்றார் கடைக்காரர். இந்தப் பழக்கம் சிப் பற்றாக்குறைக் காலத்தில் பரவியது. 2021 முதல் 2023 வரை உலகம் முழுக்கவே பை கிடைக்காமல் இருந்தபோது, கையில் ஸ்டாக் வைத்திருந்தவர்கள் பத்து சாமானைக் கூடச் சேர்த்துக் கட்டி விலையை ஏற்றினார்கள். போர்டின் விலை எல்லோருக்கும் தெரிந்தது, அதில் பெரிதாக லாபம் வைக்க முடியாது. கூட வரும் சாமானுக்கு யார் விலை பார்க்கிறார்கள்? தட்டுப்பாடு தீர்ந்துவிட்டது, பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஏழாயிரத்துச் சொச்சம். ஜிஎஸ்டி பில் கேட்டேன். "பில்லு வேணும்னா 18 பர்சன்ட் எக்ஸ்ட்ரா ஆகும் சார், எஸ்டிமேட் போட்டுத் தர்றேன், ரீப்ளேஸ்மென்ட்டுக்கு அதுவே போதும்" என்றார். அந்தத் துண்டுச் சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "பை கிட் - 1". என்ன மாடல், எத்தனை ஜிபி, அடாப்டர் எத்தனை ஆம்ப், கார்டு என்ன பிராண்ட், எதுவும் இல்லை. அடியில் மட்டும் ரப்பர் ஸ்டாம்பு தெளிவாக இருந்தது: விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.

டப்பாவுக்குள் போர்டு, 3 ஆம்ப் என்று ஸ்டிக்கர் ஒட்டிய யுஎஸ்பி-சி அடாப்டர், 64 ஜிபி கார்டு, காற்றோட்டமே இல்லாத பிளாஸ்டிக் கேஸ், சிப்பின் சூட்டைக் குறைக்க ஒட்டிக்கொள்ளும் மூன்று அலுமினிய ஹீட்சிங்க், ஒரு எச்டிஎம்ஐ கேபிள். கேபிளின் லட்சணத்தைக் கேளுங்கள்: பை 4-ல் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ, இவர்கள் போட்டிருந்தது மினி எச்டிஎம்ஐ. அது பை ஜீரோவுக்கு உரியது. மானிட்டர் இல்லாமலேயே லேப்டாப்பிலிருந்து இயக்கிக்கொள்ளலாம் என்று அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன்.

கொஞ்ச நாள் நன்றாகவே ஓடியது. பிறகு திடீர் திடீரென்று உறைந்து போகும். பை-ஹோல்தான் வீட்டுக்கு டிஎன்எஸ் (இணையதளப் பெயருக்கு உரிய முகவரியைத் தேடித் தருவது) என்பதால், அது நின்றால் எல்லோர் போனிலும் இன்டர்நெட் நின்றுவிடும். வீட்டில் திட்டு எனக்கு. இதுவரை கூடப் பரவாயில்லை. ஒருநாள் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது உறைந்தது. இதை நன்றாகக் கவனியுங்கள்: பை உறைந்தால், வெளிச் சாமான்களை இணைக்கும் அதன் பின்கள் கடைசியாக இருந்த நிலையிலேயே நின்றுவிடும். பின்னில் மாட்டியிருக்கும் ரிலே (பை சொல்கிறபடி ஆன், ஆஃப் ஆகும் சுவிட்ச்) ஆனில் இருந்தால் ஆனிலேயே இருக்கும். தொட்டி நிரம்பி, மாடியிலிருந்து பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக ஊற்றி, கீழே சம்ப் காலியாகி, மோட்டார் வெறுமனே ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டுத்தான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். மோட்டார் தப்பித்தது. சிப்புக்குள்ளேயே வாட்ச்டாக் என்று ஒரு வசதி இருக்கிறது. சிஸ்டம் உறைந்தால் சில நொடிகளில் தானே ரீபூட் செய்துவிடும். மோட்டார், ஹீட்டர் மாதிரி எதையாவது இணைப்பவர்கள் முதல் வேலையாக அதை ஆன் செய்துவிடுங்கள்.

கடைக்குப் போனேன். அவர் போட்டுக் காட்டினார், ஓடியது. என்னென்ன இணைத்திருக்கிறேன் என்று கேட்டார், சொன்னேன். உடனே பிடித்துக்கொண்டார். "அல்ட்ராசானிக் சென்சரா? அதுல எக்கோ பின் 5 வோல்ட் சார். பை 3.3 வோல்ட்தான் தாங்கும். நேரா குடுத்துட்டீங்க, பின்னு போயிருக்கும். கஸ்டமர் டேமேஜ், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் சொன்ன தகவல் சரிதான். தொட்டியில் நீர்மட்டம் பார்க்க நான் வைத்திருந்த எச்சி-எஸ்ஆர்04 என்ற அந்த அல்ட்ராசானிக் சென்சரின் எக்கோ பின் 5 வோல்ட்தான் தரும், அதை நேராகப் பையில் கொடுக்கக் கூடாது. அதற்காகத்தான் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டு 3.3-க்குக் குறைத்திருந்தேன். ரிலேயும் மோட்டாரை நேராக இயக்கவில்லை. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்ட்டை அந்தச் சின்ன நீல ரிலே தாங்காது என்பதால், எலெக்ட்ரீஷியனை வைத்து நடுவில் கான்டாக்டர் (அதிக கரண்ட்டைத் தாங்கும் பெரிய ரிலே) போட்டிருந்தேன். போனில் போட்டோ காட்டினேன். பார்க்கவே இல்லை. "அதெல்லாம் இருக்கட்டும் சார், வேணும்னா புது போர்டு எடுத்துக்கோங்க, இருநூறு ரூபா கம்மி பண்ணித் தர்றேன்" என்றார். நல்ல போர்டைத் தூக்கிப்போட்டுவிட்டு இன்னொன்று வாங்கச் சொல்கிறார். எத்தனை பேர் வாங்கியிருப்பார்களோ.

வீட்டுக்கு வந்து நானே நோண்டினேன். கரண்ட் போதவில்லை என்றால் பை தானே சொல்லும். 5 வோல்ட் சுமார் 4.63-க்குக் கீழே இறங்கினால் திரையில் மின்னல் அடையாளம் வரும். ஆனால் மானிட்டர் இல்லாமல் ஓட்டுகிறவர் அதை எங்கே பார்க்க? கேபிள் வேறு மாடலுக்கானது! டெர்மினலில் "கெட் த்ராட்டில்ட்" கமாண்ட் கொடுத்துப் பார்க்கலாம். பூஜ்யம் மட்டும் வந்தால் கவலையில்லை. எனக்கு வந்தது 50005. கடைசியில் உள்ள 5, இந்த நிமிடமே வோல்டேஜ் போதவில்லை, வேகத்தையும் குறைத்துவிட்டேன் என்கிறது. முன்னால் உள்ள 5, ஆன் செய்ததிலிருந்து இது ஏற்கெனவே நடந்திருக்கிறது என்கிறது.

மல்டிமீட்டரை எடுத்து, போர்டில் உள்ள 40 பின்னில் 2-க்கும் (5 வோல்ட்) 6-க்கும் (கிரவுண்ட்) நடுவே வைத்தேன். சும்மா இருக்கும்போது 4.9. சிப்பின் நான்கு கோரையும் முழுதாக வேலை வாங்கினால் 4.5-க்குச் சரிகிறது. ராஸ்பெரி பை நிறுவனத்தின் சொந்த அடாப்டர் 5.1 வோல்ட், 3 ஆம்ப். கேபிளில் விழும் இழப்பையும் கணக்கில் வைத்துத்தான் அந்த 0.1. கேபிளும் தடியாக, கழற்ற முடியாதபடி சேர்ந்தே வரும். கிட்டில் வந்த அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டிக்கரின் ஒரு மூலை லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் உரித்தால், அடியில் பிளாஸ்டிக்கிலேயே வார்த்த எழுத்து: 5 வோல்ட் 2 ஆம்ப்.

அது மட்டுமல்ல. இந்தியாவில் இந்த வகை அடாப்டர்களுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். மேலே பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று வந்துவிடும். என் அடாப்டரில் மேல் ஸ்டிக்கரிலும் இல்லை, அடியிலும் இல்லை. வாங்கும்போது கடையிலேயே இதைப் பார்த்துவிடலாம், அரை நிமிட வேலை. போன் சார்ஜர் போதாதா என்று சிலர் கேட்பார்கள். 65 வாட் சார்ஜராகவே இருந்தாலும் அந்த வாட்டையெல்லாம் 9, 15, 20 வோல்ட்டில்தான் தரும். பை எடுத்துக்கொள்வது 5 வோல்ட் மட்டும். அதில் எத்தனை ஆம்ப் என்று பாருங்கள், வாட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். பை 5 வாங்குகிறவர்கள் கூடுதல் கவனம்: அதற்குச் சொல்லியிருப்பது 5 வோல்ட் 5 ஆம்ப். 3 ஆம்ப் கொடுத்தாலும் ஓடும், ஆனால் யுஎஸ்பி போர்ட்டுகளுக்குப் போகும் கரண்ட்டைக் குறைத்துவிடும். வெளி ஹார்டு டிஸ்க் மாட்டியவர்கள் தவிப்பார்கள்.

புது அடாப்டர் வாங்கிப் போட்டதும் உறைவது நின்றது. சரி, முடிந்தது என்று பார்த்தால், இப்போது ஃபைல்கள் காணாமல் போக ஆரம்பித்தன. ஹோம் அசிஸ்டன்ட்டின் டேட்டாபேஸ் கெட்டுவிட்டது என்று லாக் சொல்கிறது. அடுத்த சந்தேகம் கார்டு.

போலிக் கார்டு வேலை செய்யும் விதம் கொடுமையானது. உள்ளே இருப்பது 8 ஜிபி, ஆனால் கம்ப்யூட்டர் கேட்டால் 64 என்று சொல்லும்படி அதன் கன்ட்ரோலரை (கார்டை இயக்கும் சிப்பை) மாற்றி வைத்திருப்பார்கள். விண்டோஸிலும் 64, லினக்ஸிலும் 64. அந்த 8-க்கு வெளியே எதை எழுதினாலும் "எழுதிவிட்டேன்" என்று பதில் வரும், திரும்பப் படித்தால் குப்பை இருக்கும் அல்லது ஒன்றுமே இருக்காது. கடையில் போட்டுக் காட்டும் ஐந்து நிமிடத்தில் இது ஒருநாளும் வெளியே வராது. வீட்டில் கார்டு நிரம்ப நிரம்பத்தான் வரும். அதற்குள் மாற்றித் தரும் நாள் முடிந்திருக்கும். லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டுச் சொல்லும். பெரிய கார்டு என்றால் சில மணி நேரம் ஆகும், உள்ளே இருக்கும் முக்கியமானதை முதலில் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். என் கார்டில் நிஜமாக இருந்தது 8 ஜிபிக்கும் குறைவு. மேலே அச்சடித்திருந்த பிராண்ட் பெயர் மட்டும் அப்பழுக்கில்லாமல் இருந்தது. எந்தக் கடையில் கார்டு வாங்கினாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் அதில் ஓஎஸ் போடாதீர்கள். போர்டு எத்தனை ஜிபி என்பதையும் "ஃப்ரீ" கமாண்ட் கொடுத்துப் பார்த்துவிடுங்கள், 4 ஜிபி போர்டு 3.7 வாக்கில் காட்ட வேண்டும். என்னுடையது அதில் சரியாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் வீடியோ எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். ஸ்டிக்கரை உரித்த அடாப்டரைப் பார்த்ததும் குரல் இறங்கியது. ஆனாலும் "கம்பெனில இருந்து அப்படித்தான் சார் வருது" என்று மழுப்பினார். எந்தக் கம்பெனி என்றால் பதில் இல்லை. ஸ்டாம்பைக் காட்டினார்.

அந்த ஸ்டாம்புக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. பில் தராததும் அதே பட்டியலில்தான் வருகிறது. கையில் எஸ்டிமேட் சீட்டுதான் இருக்கிறது என்று கவலைப்பட வேண்டாம், யுபிஐயில் பணம் போனதற்கான பதிவு வைத்திருங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கும் மசியவில்லை என்றால் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு இன்னொன்று: அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

நான் கடையிலேயே நின்று 1915-க்குப் போன் போட ஆரம்பித்தேன். "ஏன் சார் அதுக்குள்ள..." என்று கல்லாவைத் திறந்தார். முதலில் அந்தப் பணத்துக்கு வேறு சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார், வேண்டாம் என்றேன். அவர் சாமான் எதுவும் எனக்கு இனி வேண்டாம்.

அடுத்த முறை வாங்குவது, ராஸ்பெரி பை தளத்தில் நாடு வாரியாகப் போட்டிருக்கும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியலில் இருக்கும் கடையில்தான். போர்டு ஒரு வரி, அடாப்டர் ஒரு வரி, கார்டு ஒரு வரி என்று ஜிஎஸ்டி பில்லோடு. சில நூறு ரூபாய் கூடப் போகும், போகட்டும்.

அடாப்டருக்கும் கார்டுக்கும் பணம் வந்துவிட்டது. கேபிளுக்கு மட்டும் தரவில்லை. "அது ஃப்ரீயா குடுத்தது சார்" என்றார்.