கண் மிஷினில், காது மேட்ச்சில்: ரேடியோ கமெண்ட்ரியா, ஆப் கமெண்ட்ரியா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட்டைப் பார்க்காமல் கேட்க மட்டும் போகிறீர்கள் என்றால் ஆகாசவாணியின் நேர்முக வர்ணனைதான் சரி. செல்போன் ஆப்பில் வரும் தமிழ் கமெண்ட்ரிக்கு இரண்டாம் இடம்தான். இந்தியிலும் இங்கிலீஷிலும் மாறி மாறி வருவதைத் தமிழுக்கு மேலே வைக்கிறானே என்று சிலருக்குக் கோபம் வரலாம். கொஞ்சம் பொறுங்கள்.

தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் கண் துணியை விட்டு நகரக் கூடாது, காது சும்மாதான் இருக்கும். பல வருடமாக மேட்ச் நாட்களில் ரேடியோவையும் ஆப்பையும் மாற்றி மாற்றி ஓடவிட்டிருக்கிறோம். கடையில் யாருக்கும் இப்போது சந்தேகமே இல்லை.

ஆப்பில் வருவது டிவிக்காகப் பேசிய பேச்சு. பேசுகிறவர் எதிரே திரை இருக்கிறது, நமக்கும் இருக்கும் என்று நினைத்துத்தான் பேசுவார். "அட, என்ன ஷாட்டுங்க இது!" என்பார். எந்தப் பக்கம் போச்சு, நாலா ஆறா, அவுட்டா, ஒன்றும் தெரியாது. ஸ்கோர் திரையின் மூலையில் ஓடிக்கொண்டே இருப்பதால் அதை வாயால் சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. பழைய டிரெஸ்ஸிங் ரூம் கதை ஒன்று சுவாரசியமாகப் போய்க்கொண்டிருக்கும், நடுவில் ஒரு பவுண்டரி போயிருக்கும். கடைசியில் மிஷினை நிறுத்திவிட்டு போனை எட்டிப் பார்க்கத்தான் வேண்டும். அப்படி எட்டிப் பார்த்த நேரத்தில் கோணிப்போன காலர்கள் பற்றிப் பேச வேண்டாம்.

ரேடியோக்காரருக்கு அந்த வசதி கிடையாது. யார் வீசுகிறார், எந்த முனையிலிருந்து, பந்து எங்கே விழுந்தது, மட்டையாளர் முன்னே வந்தாரா பின்னே போனாரா, பந்து கவருக்கும் மிட் ஆஃபுக்கும் நடுவே போகிறதா, துரத்துவது யார், எல்லாவற்றையும் அவர் சொல்லியே ஆக வேண்டும். ஓவர் முடிந்தால் ஸ்கோர், புதிய மட்டையாளர் வந்தால் ஸ்கோர், ஒன்றும் நடக்காவிட்டாலும் ஸ்கோர். ஆல்டரேஷனுக்குப் பேன்ட் கொடுக்க வருகிறவர் வாசலில் நின்றபடியே நிலவரம் தெரிந்துகொண்டு போய்விடலாம்.

மொழி ஒரு குறைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் லாங் ஆன், யார்க்கர், எல்பிடபிள்யூ எல்லாம் எங்கள் காஜா பையனுக்கே தெரியும். இங்கிலீஷ் பகுதி அதிலேயே பாதி புரிந்துவிடும். இந்திக்கு மாடியில் தங்கியிருக்கும் பீகார் பையன்கள் இருக்கிறார்கள். விக்கெட் விழுந்தால் அவர்களே படியிறங்கி வந்து சொல்லிவிட்டுப் போவார்கள்.

தமிழில் ரேடியோ வர்ணனை இருந்த காலமும் உண்டு. சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தால் கூத்தபிரானும் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரும் பேசுவார்கள். ஜப்பார் 2020இல் காலமானார். அவர்களும் காதுக்காகப் பேசியவர்கள், பந்து எங்கே என்று நாம் கேட்க வேண்டியிருக்காது. அந்தத் தரத்தில் இன்று தமிழில் ரேடியோ வர்ணனை தினமும் வந்தால் இந்த ஒப்பீட்டுக்கே வேலையில்லை.

அடுத்தது நேரம். ஆப் நேரலை என்று சொன்னாலும் ஒளியையும் ஒலியையும் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது, போன் அவற்றைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்டும். அதனால் மைதானத்தைவிட ஏறக்குறைய அரை நிமிடம் பின்னால் இருக்கும். பக்கத்து டீக்கடையில் ரேடியோ ஓடினால் அவர்கள் கத்தியதும் இங்கே சஸ்பென்ஸ் காலி. ஆகாசவாணியையே நியூஸ்ஆன்ஏர் ஆப்பில் கேட்டாலும் இந்தத் தாமதம் உண்டு. பெட்டியில் கேட்பதுதான் முந்தும்.

ஐபிஎல் மட்டும் வேறு கணக்கு. அந்த நாட்களில் நானும் ஆப் பக்கம் போய்விடுவேன். சேலத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் பந்தெடுத்தால் இந்த மாவட்டமே தன் ஆள் என்று நினைக்கும். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முதல் டெஸ்டிலேயே முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்தவர். அவரைப் பற்றித் தமிழில், ஊர்ப் பெயரோடு யாராவது பேசக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை இந்தி வர்ணனை தராது.

தனியார் எஃப்எம் ஏன் இந்தப் போட்டியிலேயே இல்லை என்று கடையில் அடிக்கடி கேட்பார்கள். அரசு விதிதான் காரணம். 2011இல் வந்த மூன்றாம் கட்ட எஃப்எம் கொள்கை, விளையாட்டுத் தகவலை அவர்கள் சொல்லலாம், நேரடி ஒலிபரப்பு கூடாது என்கிறது. உள்ளூர்ப் போட்டிகளுக்கு மட்டும் நேர்முக வர்ணனை செய்ய இடம் கொடுத்திருக்கிறது. இருந்தும் எங்கள் பக்கத்துக் கபடிப் போட்டி எதையும் எஃப்எம்மில் நான் கேட்டதில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்து எருது விடும் விழாவை யாராவது ஒருநாள் வர்ணித்தால், கிரிக்கெட்டையே அணைத்துவிட்டு அதைக் கேட்பேன்.

ஆகாசவாணியிலும் வர்ணனை எல்லா நிலையத்திலும் வராது. நம்மூர் 102.5இல் இல்லை என்றால் மீடியம் வேவில் பெங்களூரு, சென்னை என்று தேட வேண்டும். அங்கேதான் தையல்காரனுக்குத் தலைவலி. பவர் மிஷின் மோட்டாரில் வரும் தீப்பொறி மீடியம் வேவில் 'கர்ர்' என்று கேட்கும். மலிவான எல்இடி விளக்கும் அதே வேலையைச் செய்யும். எஃப்எம்மில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அதற்கு மலை ஆகாது. தொப்பூர் கணவாயில் வளைவுக்கு வளைவு போய்ப் போய் வரும்.

புதிதாக ரேடியோ வாங்குகிறவர்கள் எஃப்எம் மட்டும் உள்ள சின்னப் பெட்டியை வாங்காதீர்கள், மீடியம் வேவும் இருக்க வேண்டும். செல் போட்டு ஓடுவதாக இருந்தால் இன்னும் நல்லது, மிஷின் ஓடும் லைனில் இருந்து தள்ளி வைத்துக்கொள்ளலாம். வெளியே நீளும் கம்பி பெரும்பாலும் எஃப்எம்முக்குத்தான். மீடியம் வேவுக்கு ஆன்டெனா பெட்டிக்குள் இருக்கும் ஃபெரைட் தண்டு, அதனால் கம்பியை இழுத்துப் பயனில்லை. சத்தம் தெளியும் வரை பெட்டியையே மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.