டிராகுலா ஸ்டடி கைட்: சம்மரி ஓகே, டெக்னிக்ல கோட்டை விட்டுட்டாங்க

பி.ஏ. இங்கிலீஷ் பசங்களுக்குன்னு போட்டிருக்கிற டிராகுலா (பிராம் ஸ்டோக்கர் எழுதுன ரத்தக்காட்டேரி நாவல்) கைட் ஒண்ணு வாங்குனேன், 350 ரூபா, பேர் வேணாம். நல்லத முதல்ல சொல்லிடுறேன். 27 சாப்டருக்கும் சம்மரி தெளிவா இருக்கு. யார் எந்தத் தேதியில என்ன எழுதுனாங்கன்னு கடைசியில ஒரு டேபிள் இருக்கு பாருங்க, அதுக்கே காசு குடுக்கலாம், ஏன்னா நாவல் முழுக்க டைரி, லெட்டர், தந்தி, பேப்பர் கட்டிங், கப்பல் லாக்புக்னு துண்டு துண்டா வரும், பாதியில யார் பேசுறாங்கன்னே மறந்துடும்.

தீம்ஸ் எல்லாம் வழக்கமான சரக்குதான், கதையில வர்ற ரெண்டு தோழிங்க லூசி-மினா கம்பாரிசன் மட்டும் கொஞ்சம் உழைச்சு எழுதியிருக்காங்க.

கடுப்பானது டெக்னிக் பகுதியிலதான். எபிஸ்டோலரி நாவல் (லெட்டர், டைரியாவே ஓடுற நாவல்), அதனால நம்பகத்தன்மை கூடுதுன்னு ரெண்டு வரி, முடிஞ்சுது. அட, அந்தக் கதையே காகிதச் சண்டைதானய்யா! நாலாவது சாப்டர்ல கவுன்ட் (டிராகுலாதான்) தன் கோட்டையில மாட்டிக்கிட்ட வக்கீல் ஜோனதன உக்கார வச்சு, மே மாசமே ஜூன் 12, 19, 29னு பின்தேதி போட்டு மூணு லெட்டர் எழுதி வாங்குறான், ஆள் கோட்டைய விட்டுக் கிளம்பிட்டான்னு ஊர்ல நம்பணுமாம். அதே சாப்டர்ல ஜோனதன் தான் கட்டிக்கப் போற மினாவுக்கு ஷார்ட்ஹேண்ட்ல எழுதுன லெட்டர் கவுன்ட் கையில சிக்குது, ஒரு எழுத்து புரியல, விளக்குல காட்டிக் கொளுத்திடுறான். அப்புறம் 21வது சாப்டர்ல தன்ன வேட்டையாடுற கூட்டத்துல ஒருத்தரான டாக்டர் சீவர்ட் ரூமுக்குள்ள புகுந்து, எல்லாரோட டைரியையும் மினா டைப் அடிச்சு வச்சதையும் டாக்டர் குரல் பதிஞ்ச போனோகிராஃப் மெழுகு சிலிண்டரையும் சேர்த்து நெருப்புல போடுறான், ஆனா இன்னொரு காப்பி பெட்டகத்துல பத்திரமா இருக்கு! நூத்துக்கணக்கான வருஷம் சாகாம இருந்தவன் ஒரு கார்பன் காப்பிகிட்ட கோட்ட விடுறான். 1897ல வந்த நாவல், அப்ப இதெல்லாம் லேட்டஸ்ட் ஐட்டம். இத்தன பேர் எழுதுறாங்க, கவுன்ட் டைரின்னு ஒரு பக்கம் கூட கிடையாது, ஏன்னு ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம்ல?

நம்பகத்தன்மை கதைக்கு வர்றேன். நாவலோட கடைசிக் குறிப்புல ஜோனதனே சொல்றான், கையில மிஞ்சினது கிட்டத்தட்ட பூரா டைப் அடிச்ச பேப்பர், ஒரிஜினல்னு காட்ட ஒண்ணு தேறுறதே கஷ்டம், யாரையும் நம்பச் சொல்ல முடியாதுன்னு. கைட் எழுதுனவரு அந்தக் கடைசிப் பக்கத்தப் புரட்டலையோ என்னவோ.

பாஸ் மார்க்குக்கு தாராளமா வாங்கலாம். பேப்பர் பிரசன்ட் பண்ணப் போறவங்க காப்பிரைட் முடிஞ்ச நாவல நெட்ல ஃப்ரீயா எடுத்துக்கிட்டு கைட்டோட டேபிள மட்டும் பக்கத்துல வச்சுக்கங்க. பைண்டிங் வேற மட்டம், எனக்கு அந்த டேபிள் பக்கம்தான் முதல்ல கழண்டுச்சு.